ஆட்டிசம் உள்ள மாணவர்களின் பள்ளியில் ஒரு நாள் எப்படி நகர்கிறது?

ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கான பள்ளிக்குள் முதன்முறை நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது சுவர்தான். வண்ணத் தாள்களும் தோரணங்களும் நெருக்கியடித்துத் தொங்காது. பெரும்பாலும் வெறுமையாக இருக்கும் அந்தச் சுவரில் ஓரிடத்தில் மட்டும், குழந்தையின் கண்மட்டத்துக்கு, மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். பட்டையில் வெல்க்ரோவால் ஒட்டிய சின்னச் சின்னப் பட அட்டைகள்: பை, மேசை, ஊஞ்சல், தண்ணீர்க் குவளை, கழிப்பறை, பாய், பள்ளி வண்டி. வகுப்பில் ஆறு குழந்தைகள் என்றால் ஆறு பட்டைகள். ஒன்று மற்றொன்றைப் போல இருக்காது.

அந்தக் குழந்தையின் அன்றைய நாள் முழுவதும் அந்தப் பட்டையில் இருக்கிறது. எது முதலில், எது அடுத்து, எது கடைசி. வீட்டுக்குப் போகும் வண்டியின் படம் கடைசியில் கட்டாயம் இருக்கும். நாள் எங்கே முடியும் என்று தெரிந்தால்தான் பல குழந்தைகளால் அதன் நடுவில் நிம்மதியாக இருக்க முடிகிறது.

லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எல்லாம் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தவிப்பை அவர்களிடம் கண்டு எழுதியிருக்கிறார். அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடுவது எளிது. குழந்தையின் பக்கம் நின்று பாருங்கள். ‘கொஞ்ச நேரம் கழிச்சு வெளியே போலாம்’ என்கிறோம். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? வெளியே என்றால் எந்த இடம்? அங்கே போய் என்ன செய்வது, எப்போது திரும்புவது? சொன்ன சொல் அடுத்த நொடி காற்றோடு போய்விடுகிறது. படம் அங்கேயே நிற்கிறது. மறந்தால் திரும்ப வந்து பார்க்கலாம், சந்தேகம் வந்தால் விரல் வைத்து உறுதி செய்துகொள்ளலாம். பள்ளியின் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்த எளிய உண்மையிலிருந்து பிறந்தவை.

அட்டவணையைப் பயன்படுத்துவது எப்படி

குழந்தை பட்டைக்கு வந்து மேலே இருக்கும் அட்டையைத் தானே உரித்து எடுக்கிறது. கையில் பிடித்துக்கொண்டே அந்த இடத்துக்கு நடக்கிறது. ஊஞ்சலுக்குப் பக்கத்துச் சுவரில் அதே படம் இருக்கும். கையிலிருக்கும் அட்டையை அதன்மேல் ஒட்டுகிறது. ஆடி முடித்ததும் திரும்பி வந்து அடுத்த அட்டை. நடுவழியில் கவனம் சிதறினாலும் எங்கே போகிறோம் என்பது கையிலேயே இருக்கிறது.

படம் இன்னும் புரியாத குழந்தைக்குப் பொருளே அட்டவணை. பந்தைக் கொடுத்தால் மைதானம், குவளையைக் கொடுத்தால் தண்ணீர் குடிக்கும் இடம். அடுத்த படி புகைப்படம், பிறகு கோட்டோவியம், பிறகு எழுத்து. நன்றாக வாசிக்கும் குழந்தைக்கும் பதற்றமான நாளில் படம் தேவைப்படலாம். ஒரு படி கீழே இறங்குவது தோல்வி இல்லை. எண்ணிக்கையும் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்த குழந்தைக்கு 2 அட்டைகள் போதும்: முதலில் மேசை, பிறகு ஊஞ்சல். அது பழகியபின் 3, 4 என்று கூட்டலாம். முதல் நாளே 12 அட்டைகளை ஒட்டிவிட்டு, இந்தக் குழந்தைக்கு அட்டவணை ஒத்துவரவில்லை என்று கைவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

குழந்தை பதறும்போது மட்டும் அட்டவணையை நீட்டுவது இன்னொரு தவறு. அப்படிச் செய்தால் பட்டையைப் பார்த்தாலே குழந்தைக்குக் கலக்கம் வரும். நல்ல நாளிலும், பிடித்த வேலைக்கும் சேர்த்தே அது பயன்பட வேண்டும்.

மழை பெய்து மைதானம் இல்லை என்றாகிவிட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் ‘மாற்றம்’ என்று ஓர் அட்டை இருக்கிறது. மைதானத்தின் படத்தைக் குழந்தையின் கண்முன்னே எடுத்து, அந்த இடத்தில் மாற்ற அட்டையையும் புதிய படத்தையும் ஒட்டுகிறார்கள். ஆனால் இந்த அட்டையை முதன்முதலில் மழை நாளில் அறிமுகப்படுத்தினால் அது கெட்ட செய்தியின் தூதுவனாகிவிடும். அதனால் முதல் சில தடவை நல்ல மாற்றங்களுக்கே பயன்படுத்துவார்கள். மேசை வேலைக்குப் பதில் சோப்புக் குமிழி விளையாட்டு, வரிசைப்படுத்தும் வேலைக்குப் பதில் ஊஞ்சல் என்று. மாற்றம் என்றால் பயப்பட வேண்டியதில்லை என்று தெரிந்தபின், ஏமாற்றம் தரும் மாற்றத்தையும் குழந்தையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்க முடிகிறது. வாழ்க்கை மாறாமல் இருக்காது என்பதை இவ்வளவு மென்மையாகவும் கற்றுக்கொடுக்கலாம்.

காலை வந்ததும்

முதல் 15, 20 நிமிடங்களுக்குப் பாடம் கிடையாது. செருப்பை அதன் படத்துக்கு மேல் விடுவது, பையைத் தன் புகைப்படம் ஒட்டிய கொக்கியில் மாட்டுவது, தண்ணீர் குடிப்பது, பட்டையைப் பார்ப்பது, அவ்வளவுதான். அதற்குள் ஆசிரியர் வீட்டிலிருந்து வந்த குறிப்பேட்டைப் படித்துவிடுவார். இரவு தூங்கியதா, மலம் கழித்ததா, மருந்தில் மாற்றம் உண்டா, வலிப்பு வந்ததா? ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதால் அந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடக் கூடாது. மூன்று நாள் மலச்சிக்கலோடு வந்த குழந்தை, வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் மேசையைத் தள்ளிவிடலாம். குறிப்பேட்டைப் பார்க்காதவர் அதைக் குறும்பு என்று எழுதிவைப்பார்.

பிறகு பாயில் வட்டமாக உட்காரும் நேரம். சின்னக் குழந்தைகளுக்கு 5 நிமிடம், பழகியவர்களுக்கு 10. பெயர் சொல்லி வணக்கம், கிழமை, ஒரு பாட்டு. கண்ணைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது பழைய பழக்கம். அதை விட்டுவிடுவதே சரி. கண்ணைப் பார்ப்பதும் காதில் விழுவதைப் புரிந்துகொள்வதும் ஒரே நேரத்தில் சிலரால் முடிவதில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

மேசை வேலை

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இந்தப் பள்ளிகளின் நுணுக்கம் முழுவதும் ஒரு சின்ன மேசையில் தெரியும். எரிக் ஷாப்ளர் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக உருவாக்கிய ‘டீச்’ (TEACCH) முறை, 1972-இல் அந்த மாநிலம் முழுவதற்குமான திட்டமானது. இன்று பல நாடுகளின் வகுப்பறைகளில் பார்க்கும் மேசை அமைப்பு அதிலிருந்து வந்ததே.

மேசை சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். இடது பக்கத்தில் மூன்று தட்டுகள், வலது பக்கத்தில் ஒரு காலிக் கூடை. குழந்தை இடது தட்டை எடுக்கிறது, நடுவில் வைத்து வேலையைச் செய்கிறது, முடிந்ததும் வலது கூடையில் போடுகிறது. இடது பக்கம் காலியானால் வேலை முடிந்தது. மேசையின் ஓரத்தில் அதற்கடுத்து வருவதன் படம் இருக்கும். என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், பிறகு என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒரு வார்த்தை பேசாமல் மேசையே பதில் சொல்லிவிடுகிறது.

தட்டில் இருப்பது சாதாரண வேலைதான்: 10 குப்பிகளுக்கு மூடி போடுவது, சிவப்புப் பொத்தானையும் நீலப் பொத்தானையும் பிரிப்பது, பெயரையும் படத்தையும் சேர்ப்பது. ஆனால் குப்பிகள் சரியாக 10 இருக்க வேண்டும், மூடிகளும் 10. ஒரு பெட்டி நிறைய மூடிகளை வைத்து 10 மட்டும் போடு என்றால், எங்கே நிறுத்துவது என்பது மறுபடி பெரியவர் வாயில் போய் நிற்கிறது.

இந்த மேசையில் நடக்கும் மிகப் பெரிய பிழை, நல்ல எண்ணத்தில் நடப்பது. குழந்தை மூன்று தட்டையும் சீக்கிரம் முடித்துவிடும். ஆசிரியர் மகிழ்ந்துபோய், ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று நான்காவது தட்டை வைப்பார். அன்றோடு ‘முடிந்தது’ என்ற சொல் பொய்யாகிவிடுகிறது. மறுநாள் குழந்தை மூன்றாவது தட்டை முடிக்காமல் இழுத்தடிக்கும், இல்லை வீசும். வேலை கூட்ட நினைத்தால் நாளைக்குத் தொடக்கத்திலேயே நான்கு தட்டு வைக்கலாம். சொன்னபடி முடிவதுதான் குழந்தைக்கு நம்மீது நம்பிக்கை வரவழைக்கிறது.

தனியாகச் செய்யும் மேசையில் நன்றாகத் தெரிந்த வேலை மட்டுமே இருக்கும். புதியதைக் கற்றுக்கொடுப்பது வேறொரு மேசையில், ஆசிரியர் எதிரிலோ பக்கத்திலோ உட்கார்ந்து. அங்கே பேச்சு சுருக்கமாக இருக்கும். ‘போடு’ என்று ஒரு முறை சொல்லிவிட்டு, மனதுக்குள் 10 வரை எண்ணிக் காத்திருப்பது நல்ல பழக்கம். பதில் வரவில்லையே என்று ‘உள்ளே வை’, ‘அதை எடுத்து இதுல போடும்மா’ என்று சொல்லை மாற்றிக்கொண்டே போனால், குழந்தை ஒவ்வொரு தடவையும் புரிந்துகொள்ளும் வேலையை முதலிலிருந்து தொடங்குகிறது. மறுபடி சொல்லியே ஆக வேண்டும் என்றால் அதே சொல். உதவியும் அளந்து கொடுக்கப்படும்: கைபிடித்துச் செய்ய வைப்பது, முழங்கையை லேசாகத் தொடுவது, விரலால் காட்டுவது, வெறுமனே காத்திருப்பது என்று படிப்படியாகக் குறையும். குறைக்க மறந்தால், ஆசிரியரின் கை வரும்வரை கை நீட்டாமல் உட்கார்ந்திருக்கக் குழந்தை பழகிவிடும்.

பேசாத குழந்தை எப்படிச் சொல்கிறது

பேச்சு வராத குழந்தைக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று ஆகாது. ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் 1985-இல் உருவாக்கிய படப் பரிமாற்ற முறை பல பள்ளிகளில் உண்டு. சுருக்கமாகப் பெக்ஸ் என்பார்கள். முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் தேவை. ஒருவர் குழந்தைக்கு எதிரில், கையில் அதற்குப் பிடித்த பொருளுடன். மற்றவர் பின்னால். இருவருக்கும் நடுவில் மேசைமேல் அந்தப் பொருளின் படம். குழந்தை பொருளை எட்டிப் பிடிக்கக் கை நீட்டும் கணத்தில், பின்னால் இருப்பவர் அந்தக் கையைப் படத்தை எடுத்து எதிரில் இருப்பவரின் உள்ளங்கையில் வைக்கும்படி வழிநடத்துகிறார். படம் கைக்கு வந்த அந்த நொடியே பொருளின் பெயரைச் சொல்லிப் பொருளைக் கொடுத்துவிடுகிறார் முன்னால் இருப்பவர்.

‘என்ன வேணும்?’ என்று கேட்கக் கூடாது என்பது இந்தக் கட்டத்தின் முக்கிய விதி. கேட்டுக் கேட்டுப் பழக்கினால், யாராவது கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். பின்னால் இருப்பவரும் வாய் திறப்பதில்லை. அவருடைய உதவியே முதலில் மறைய வேண்டியது. படப் புத்தகத்தை ஆசிரியரின் அலமாரியில் பத்திரமாக வைப்பது இன்னொரு பிழை. அது குழந்தையின் குரல். குழந்தை போகும் இடமெல்லாம் கூடப் போக வேண்டும். படத்தைக் கொடுத்துப் பழகினால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் பெற்றோரிடம் இயல்பாக இருக்கும். இத்தகைய முறைகள் பேச்சைத் தடுப்பதில்லை என்பதே ஆய்வுகள் காட்டுவது. அந்தப் புத்தகத்தில் பிடித்த பொருள்களின் படங்களோடு ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘ஓய்வு வேண்டும்’, ‘வலிக்கிறது’ ஆகிய அட்டைகளும் தொடக்கத்திலேயே இடம்பெறுவது நல்லது. மறுக்க வழி இல்லாத குழந்தை கையால்தான் மறுக்கும்.

பேசும் குழந்தைகளில் சிலர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். தமிழில் இதைக் கவனிப்பது சுவாரசியமானது, ஏனென்றால் நம் வினைச்சொல்லின் வாலிலேயே நான், நீ இரண்டும் இருக்கின்றன. தாகம் எடுத்த குழந்தை ‘தண்ணி குடிக்கிறியா?’ என்று வந்து நிற்கும். அது நம்மைக் கேட்கவில்லை. தண்ணீர் கிடைக்கும் நேரத்தில் காதில் விழும் வாக்கியத்தைத் தண்ணீருக்கான பெயராக வைத்திருக்கிறது. ‘கேள்வி கேட்காதே, ஒழுங்கா சொல்லு’ என்று திருத்துவதால் பயன் இல்லை. குவளையைக் கொடுத்துக்கொண்டே, குழந்தை சொல்ல வேண்டிய வடிவில் ‘தண்ணி குடிக்கிறேன்’ என்று சொல்லிக் காட்டலாம். நாளடைவில் பல குழந்தைகள் அந்த வாலை மாற்றிக்கொள்கிறார்கள்.

ஒலி, ஒளி, ஊஞ்சல்

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேட்டில், புலன்களின் மிகை உணர்ச்சியும் குறை உணர்ச்சியும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. பள்ளியில் அதற்கு என்ன பொருள் என்றால், மின்மணி அலறாது, மினுங்கும் குழல்விளக்கு உடனே மாற்றப்படும், நாற்காலிக் கால்களுக்கு அடியில் ரப்பர் இருக்கும், கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்துக்குப் பதில் துண்டு தொங்கும். அந்த இயந்திரத்தின் சத்தத்துக்குப் பயந்து நாள் முழுக்கச் சிறுநீரை அடக்கும் குழந்தைகள் உண்டு.

குறைவாக உணரும் குழந்தைக்கு நேர்மாறான தேவை. சுவரை முட்டும், குதிக்கும், இறுக்கமான இடுக்கில் போய் நுழையும். இவர்களுக்கு மேசை வேலைக்கு முன் உடலுக்குப் பாரம் தரும் வேலை தருவார்கள்: புத்தகப் பெட்டியைத் தள்ளுவது, பாய்களைச் சுமப்பது, சுவரைக் கையால் அழுத்தித் தள்ளுவது. ஊஞ்சலிலும் வகை உண்டு. முன்னும் பின்னும் சீராக ஆடுவது பலரை அமைதிப்படுத்தும். சுழல்வது கிளர்ச்சியூட்டும், அதற்கு நேரம் குறைவு. எது யாருக்கு என்பதை, அன்றாட வேலைகளுக்கும் புலன் தேவைகளுக்கும் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார். இந்த நேரத்தைப் பரிசாக மாற்றி, ‘நீ எழுதவில்லை, அதனால் ஊஞ்சல் இல்லை’ என்று பறிப்பது பெரிய அநியாயம். அது மூக்குக் கண்ணாடியைப் பறித்துவிட்டுப் படிக்கச் சொல்வதற்குச் சமம்.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது போன்றவற்றை, யாருக்கும் காயம் வராதவரை தடுக்கத் தேவையில்லை. அது குழந்தை தன்னைத் தானே சமாளித்துக்கொள்ளும் வழி.

கை கழுவுவது ஒரு பாடம்

கை கழுவு என்பது நமக்கு ஒரு சொல். பிரித்துப் பார்த்தால் குழாயைத் திறப்பது, கையை நனைப்பது, சோப்பு எடுப்பது, உள்ளங்கையைத் தேய்ப்பது, புறங்கையைத் தேய்ப்பது, நுரையை அலசுவது, குழாயை மூடுவது, துண்டில் துடைப்பது என்று 8 படிகள். பல பள்ளிகள் இதைப் பின்னாலிருந்து கற்றுக்கொடுக்கின்றன. முதல் 7 படிகளுக்கும் ஆசிரியர் உதவுவார். கடைசிப் படியான துடைப்பதை மட்டும் குழந்தை தானே செய்யும். அது வந்துவிட்டால் குழாயை மூடி, துடைப்பது. இப்படிக் கடைசிப் படியிலிருந்து முதல் படியை நோக்கி நகர்வதில் ஒரு நன்மை உண்டு: ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தது குழந்தையின் கைதான். சட்டை போடுவது, செருப்பு மாட்டுவது எல்லாம் இதே வழியில்.

கழிப்பறைப் பழக்கத்துக்கு முதலில் ஒரு வாரம் வெறும் பதிவுதான்: எத்தனை மணிக்கு நனைகிறது, எப்போது காய்ந்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்து, நனைவதற்குச் சற்று முன்னால் அழைத்துப் போகிறார்கள். சிறுநீர்ப்பை நிறைந்த உணர்வே சிலருக்குத் தெளிவாக எட்டுவதில்லை என்பதால், ‘வந்தால் சொல்’ என்று காத்திருப்பது பலன் தராது. சாப்பாட்டு நேரத்திலும் திணிப்பு கிடையாது. புதிய உணவு தட்டின் ஓரத்தில் இருப்பதைத் தாங்குவது, தொடுவது, முகர்வது, நக்கிப் பார்ப்பது எல்லாமே முன்னேற்றமாகப் பதிவாகும்.

பள்ளியில் தானே கை கழுவும் குழந்தை வீட்டில் குழாயைப் பார்த்து நிற்பதைக் கண்டு பெற்றோர் சந்தேகப்படுவதுண்டு. ஆசிரியர், பெற்றோர் இருவரும் சொல்வது உண்மை. இங்கே திருகு குழாய், அங்கே நெம்பு குழாய். இங்கே கட்டி சோப்பு, அங்கே அழுத்தும் சோப்பு. குழந்தைக்கு அது வேறொரு வேலை. இதனால் ஒரு திறன் வந்தபின் ஆள், இடம், பொருள் மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த பிறகே அதைக் கற்றதாக எழுதுவார்கள். ‘சுகாதாரத்தில் முன்னேற்றம்’ என்று குறிப்பதைவிட, ‘5 நாளில் 4 நாள், இரண்டு வெவ்வேறு குழாய்களில், உதவியின்றி’ என்று இருப்பதே, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில் பயனுள்ள இலக்கு. வளர்ந்த மாணவர்களின் நாளில் துணி மடிப்பது, பொருள்களை எண்ணிப் பொட்டலம் கட்டுவது, பணம் கொடுத்து மீதி வாங்குவது, தன் உடலின் எல்லைகளை அறிவது ஆகியவை இதே பிரித்துக் கற்கும் முறையில் வருகின்றன.

உடைந்துபோகும் தருணம்

மெல்ட்டவுன் என்று சொல்லப்படுவது அடம் அல்ல. அடம்பிடிக்கும் குழந்தை யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கும், கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். மெல்ட்டவுனில் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. தாங்கும் எல்லை தாண்டிவிட்டது. அதற்கு முன் அறிகுறிகள் இருக்கும்: காதைப் பொத்துவது, நடை வேகமாவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது. அப்போதே ஓய்வு அட்டையை நீட்டினால் பல தடவை தப்பிக்கலாம்.

தொடங்கிவிட்டால், ஒரே ஒருவர் மட்டும் அருகில் இருப்பார். மற்ற குழந்தைகள் வெளியே. விளக்கு குறையும், பேச்சு நிற்கும், அடிபடக்கூடிய பொருள்கள் அகலும். ‘ஏன் இப்படிப் பண்றே?’ என்று கேட்பதும், சமாதானம் சொல்லிக்கொண்டே இருப்பதும் நிறைந்த குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான். அமைதி அறை இருந்தால் அதற்குக் கதவுப் பூட்டு இருக்கக் கூடாது, அது தண்டனை அறையும் ஆகக் கூடாது. அடங்கியபின் குழந்தை களைத்துப்போயிருக்கும். தண்ணீர், தனிமை, தெரிந்த எளிய ஒரு வேலை. அறிவுரை அன்றைக்கு இல்லை. ஆசிரியருக்குத்தான் வேலை உண்டு: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, உடனே பின்னால் என்ன ஆனது என்று மூன்று கட்டங்களில் நேரத்தோடு எழுதுவது. இரண்டு வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால், எல்லாமே 11 மணிக்குப் பக்கத்து அறையில் மேளம் பழகும்போது நடந்திருப்பது தெரியவரலாம். மாற்ற வேண்டியது மேளத்தின் நேரம், குழந்தையை அல்ல. காரணம் எதுவும் பிடிபடவில்லை என்றால் முதலில் பல், காது, வயிறு ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டுவது முறை.

வண்டியின் படம் கைக்கு வந்ததும் அன்றைய நாள் முடிகிறது. குழந்தைகள் போனபின் ஆசிரியர் ஆறு பட்டைகளுக்கும் மறுநாள் அட்டைகளை அடுக்குவார். நாளை பேச்சுப் பயிற்சியாளர் விடுப்பு என்றால், அவருடைய படத்துக்குப் பதிலாக யார் வருகிறாரோ அவருடைய புகைப்படம். அதே புகைப்படத்தின் இன்னொரு பிரதி அன்று மாலையே குழந்தையின் பையில் வீட்டுக்குப் போயிருக்கும், இரவு தூங்கப்போகும் முன் பார்த்துவைத்துக்கொள்ள.